சிட்னியில் எடுக்காத படம்

கில்பரி, விக்டோரியா
12 ஜனவரி 2025

என் இதயம் கவர்ந்த அன்புக் கணவர் எழிலரசன் அவர்களுக்கு,

தங்கள் அன்பு மனைவி விஜயராணி எழுதிக்கொள்வது. இங்கு நலம். தங்கள் நலமறிய ஆவல். தங்களைப் பிரிந்து வாடும் எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

போதுமா? இதற்கு மேல் எனக்கு வரவில்லை. புதுச்சேரி விசா ஏஜென்ட் போனில் சொன்னதைத்தான் செய்கிறேன். "உங்க வூட்டுக்காரருக்கு விசா போடணும்னா நீங்க ரெண்டு பேரும் நெஜமாவே புருஷன் பொண்டாட்டின்னு காட்டணும்மா. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆவல, நீங்க பிளைட் ஏறிட்டீங்க. புள்ள இல்ல, ஜாயிண்ட் அக்கவுண்ட் இல்ல. தபால் முத்திரை குத்துன லெட்டர் நாலு இருந்தா ஆபீசர் நம்புவாரு. கொஞ்சம் அன்பா எழுதுங்க" என்றார்.

அன்பாக எழுத எனக்கு எங்கே தெரியும்? கல்யாணமான நாள் முதல் "இன்னாங்க", "தோ பாருங்க" என்றுதான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறேன். மேலே உங்கள் பெயரை எழுதும்போது தலைமையாசிரியருக்கு லீவு லெட்டர் எழுதுவது மாதிரி இருந்தது. சோறு இறங்கவில்லை என்பதும் பொய். நேற்று மூன்று தட்டு புளிசாதம் தின்றேன்.

ஆபீசர் ஐயா படிக்கட்டும் என்று என் வேலையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். திருபுவனைத் தொழிற்பேட்டையில் மருந்து கம்பெனிகளுக்கு ஸ்டீல் டாங்கி செய்துகொண்டிருந்தவள் நான். இங்கே பால் பண்ணைகளுக்குச் செய்கிறேன். அதே ஆர்கன் வெல்டிங்தான். குளிர் மட்டும் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதுவும் ஜூன் மாசத்தில். என்னை ஸ்பான்சர் செய்து கூப்பிட்டுக்கொண்ட முதலாளி பெயர் டக். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருப்பதால் பட்டறையில் எல்லாருக்கும் நான் முத்துசாமிதான். "முத்துசாமி, ஆபீசுக்கு வரவும்" என்று ஒலிபெருக்கியில் கூப்பிடும்போதெல்லாம் எங்கப்பா கரையாம்புத்தூரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவாரோ என்றிருக்கும்.

என் விசா நான்கு வருஷத்துக்கு. இந்த வேலை இருக்கும்வரை விசா இருக்கும். அதில் நீங்களும் சேர்ந்து வரலாம், வந்து வேலையும் பார்க்கலாம். அதற்கு டக் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டார், வண்டியின் பானட்மேல் தாளை வைத்து. இனி நீங்கள்தான். எப்போது வருகிறீர்கள்?

தங்கள் அன்பு மனைவி,
விஜயராணி


குருவிநத்தம், பாகூர்
4 பிப்ரவரி 2025

அன்புள்ள ராணி,

"என் ஆருயிர்க் கண்ணே" என்று தொடங்கச் சொன்னார் ஏஜென்ட். தொடங்கியும் பார்த்தேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "இன்னாடா எழுதுற, சத்தமா படி, நானும் கேக்கறேன்" என்றதும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் இன்னாசிமுத்துவுக்கே நம்பிக்கையில்லை. "இந்தத் தெருவுக்கு பேங்க் நோட்டீசும் வக்கீல் நோட்டீசும்தான் வரும். உனக்கு மட்டும் இன்னாபா இவ்ளோ மொத்தமா?" என்று உறையைத் தடவிப் பார்த்துத்தான் கொடுத்தார். வீட்டில் படிக்க முடியுமா? மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் படித்தேன். மூன்று தட்டு புளிசாதம் என்ற இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இரண்டு தட்டோடு நிறுத்தியிருந்தால் பிரிவுத் துயரம் என்று ஒப்புக்கொண்டிருப்பேன்.

போட்டோ கேட்டார்களே, அதற்காக நம் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் ஊரே நிற்கிறது. தாலி கட்டும் படத்தில் உன் சித்தப்பா தலை என் முகத்தை மறைத்துவிட்டது. பந்தியில் நான் இலையைப் பார்க்கிறேன், நீ கேமராவை முறைக்கிறாய், நடுவில் யாரோ பாயசம் ஊற்றுகிறார். இதைப் பார்த்தால் ஆபீசர் பாயசக்காரரைத்தான் உன் புருஷன் என்று நினைப்பார். நல்லவேளையாகக் கடைசிப் பக்கத்தில் நாம் இரண்டு பேர் மட்டும் நிற்கிற படம் ஒன்று இருந்தது. பெரிய சைஸ், பளபளவென்று இருந்தது. அதைப் பிரித்தெடுத்து ஏஜென்டிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு அன்றைக்கு ஏகப்பட்ட கூட்டம். சரியாகக்கூடப் பார்க்காமல் கோப்பில் செருகிக்கொண்டார்.

எப்போது வருவேன் என்று கேட்டிருக்கிறாய். வருவேன். இங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வருவேன். நீ அவசரப்படாதே. குளிருக்கு இரண்டு சட்டையாகப் போட்டுக்கொள்.

உன்,
எழிலரசன்


கில்பரி
21 பிப்ரவரி 2025

கரும்பு நட்டிருக்கிறீர்கள்.

அன்புள்ள என்றெல்லாம் இன்று எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தை ஏஜென்டிடம் கொடுக்கவும் வேண்டாம். எங்கப்பா போனில் எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார் தெரியுமா? "மாப்ள ஆத்தோரத்துக் கழனி முழுக்க கரும்பு வுட்டுட்டாரும்மா. மொளப்பு சூப்பரா வந்துருக்கு. ஒழைப்பாளிம்மா அவரு" என்கிறார். நான் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல "ஆமாம்பா" என்றேன்.

இதுதானா உங்கள் "கொஞ்சம் வேலை"? நெல் நட்டிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன், அறுத்துப் போட்டுவிட்டு வரப்போகிறார் என்று இருந்திருப்பேன். உளுந்து என்றால் அதைவிடச் சீக்கிரம். தை மாசத்தில் கரும்பு நட்டவன் அடுத்த தை வரைக்கும் ஊரைவிட்டு அசைய மாட்டான் என்று எனக்குத் தெரியாதா? நானும் கரும்புச் சோகை உரித்துக் கையைக் கிழித்துக்கொண்டு வளர்ந்தவள்தான். போன ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு மணி நேரம் பேசினீர்கள். மாடு கன்று போட்டது, மழை வரவில்லை, எதிர்வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், எல்லாம் சொன்னீர்கள். இதை மட்டும் விழுங்கிவிட்டீர்கள்.

நான் ஒரு முட்டாள். நாலு பேரோடு தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு, பட்டறைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு எடுத்துவிட்டேன். இரண்டு தலையணை வாங்கினேன். ஒன்றை இப்போது காலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் "சரி சரி" என்றே ஒப்பேற்றிவிடுவீர்கள். எழுதுங்கள். வர விருப்பம் இருக்கிறதா, இல்லையா?

விஜயராணி


குருவிநத்தம்
11 மார்ச் 2025

ராணி,

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டேன். நீ சொன்னால் சொன்னபடி செய்கிறவள் என்று எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் போட்டுப் பார்த்தேன்.

கரும்பு நட்டது குத்தமா? நல்ல தண்ணீர், நல்ல விதைக்கரணை கிடைத்தது, நட்டேன். ஒரு விவசாயி பயிர் வைத்ததற்கு இவ்வளவு கோபம் எந்த ஊரில் உண்டு? இப்படி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். காலையில் எடுத்துப் படித்தால் எனக்கே நம்பும்படி இல்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு முந்தி வேலம்மாள் அக்கா கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆள் நிறைய. அக்கா அடுப்படியிலிருந்தே சத்தமாகக் கேட்டது: "இன்னாபா எழிலு, பொண்டாட்டி உன்னை ஸ்பான்சர் பண்ணுதாமே? ஏர்போர்ட்ல கையெழுத்து போட்டு பார்சல் மாதிரி வாங்கிக்குமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா மனசில் ஒன்றும் கிடையாது, அது எல்லாரையும் அப்படித்தான் ஓட்டும். ஆனால் வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, நிஜமாகவே. மறுநாள் ஏஜென்ட் விண்ணப்பத்தைக் காட்டினார். மேலே முக்கிய ஆள் என்ற இடத்தில் நீ. கீழே ஒரு கட்டத்தில் நான், "சார்ந்திருப்பவர்" என்று.

எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். எந்த மடையைத் திறந்தால் எந்தக் கழனிக்குத் தண்ணீர் பாயும் என்று தெரியும். அங்கே வந்து, நீ வேலைக்குப் போன பிறகு, அந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? கடைக்குப் போய் உப்பு வாங்குவதற்குக்கூட உன்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நிலத்தில் கரும்பு நின்றால், ஏன் போகவில்லை என்று யார் கேட்டாலும் "கரும்பு நிக்குதுப்பா" என்று சொல்லிக்கொள்ளலாம். பயமாயிருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் நட்டேன்.

பயமாயிருக்கிறது ராணி. இப்போது சொல்லிவிட்டேன். சிரிக்காதே.

எழிலரசன்


கில்பரி
30 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் பட்டறையில், தடுப்புத் திரைக்குப் பின்னால், வெல்டிங் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படித்தேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் வெளியே தெரியாது என்று நினைத்தேன். கண்ணாடி மங்கிப் போய், எதிரே நின்ற டக்கே தெரியவில்லை.

பயத்தைப் பற்றி என்னிடமா சொல்கிறீர்கள்? வந்த புதிதில் டக் பேசியதில் ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என்ன கேட்டார் என்று தெரியாமல் ஒருநாள் பலமாகத் தலையாட்டியதில், ஊர்க் கால்பந்து கிளப்பில் சனிக்கிழமை சமையலுக்கு என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஆட்டத்தைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு வாசலில் நின்று வெங்காயம் வதக்கி ரொட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டும். முதல் வாரம் அழுதுகொண்டே வதக்கினேன், வெங்காயத்தால் இல்லை. மூன்றாவது வாரம் கொஞ்சம் பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டேன். இப்போது மழை நாளிலும் எங்கள் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கிறது. போன வாரம் எதிரணிக்காரர்கள் ஆட்டம் தோற்ற பிறகு இரண்டாம் முறை வந்து வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள்.

சார்ந்திருப்பவர் என்று எழுதினால் என்ன குறைந்துவிட்டது? நான் டக்கைச் சார்ந்திருக்கிறேன். இந்த வேலை போனால், வேறு ஸ்பான்சர் தேடிக்கொள்ள கொஞ்ச நாள் தவணை கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் நான் பெட்டி கட்ட வேண்டியதுதான். டக் என்னைச் சார்ந்திருக்கிறார். ஊர் ஊராக விளம்பரம் போட்டும் ஆள் கிடைக்காமல், பாதி செய்த தொட்டிகள் மழையில் கிடந்தனவாம். எல்லாம் விடுங்கள். கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்தேனே, அப்போது நான் யாரைச் சார்ந்து வந்தேன்? உங்கள் அம்மா உப்பை எந்த டப்பாவில் வைத்திருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. உங்களைத் தவிர அந்த ஊரில் எனக்கு ஒரு முகம் தெரியாது. வேலம்மாள் அக்கா கடையில் அதற்கு யாராவது சிரித்தார்களா? இப்போது உங்கள் முறை. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் நேராகச் சொல்கிறேன். "வேலையை விட்டுவிட்டு வா" என்று நீங்கள் சொன்னால் வந்துவிடுவேன். ஆனால் சந்தோஷமாக வர மாட்டேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. தையல் மாதிரி வரிசையாக, மடிப்பு மடிப்பாக ஒட்டு விழும்போது, அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அதைக் காட்ட நீங்கள் பக்கத்தில் இல்லை என்றால் அதுவும் பாதிதான். எனக்கு இரண்டும் வேண்டும். பேராசைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பேன்.

உங்கள்,
ராணி


குருவிநத்தம்
8 ஜூன் 2025

அன்புள்ள ராணிக்கு,

போனில் பாதிதான் சொன்னேன், நீ சிரித்த சிரிப்பில் மீதியைச் சொல்ல முடியவில்லை. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

சித்திரையில் விண்ணப்பம் போட்டதிலிருந்து நிம்மதியாகத்தான் இருந்தேன். போன வாரம் ஏஜென்ட் அவசரமாகக் கூப்பிட்டார். போனதும் அந்தக் கல்யாணப் படத்தை மேசைமேல் போட்டார். "வெளிநாடே போனதில்லன்னு எழுதிக் குடுத்தீங்களே. அப்ப இது இன்னா?"

நாம் இரண்டு பேரும் நிற்கிறோம். பின்னால் பெரிய தண்ணீர், தண்ணீர் ஓரமாக வெள்ளை வெள்ளையாய்க் கூம்பு கூம்பாக ஒரு கட்டடம். சிட்னியாம். நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சிட்னியில் நிற்கிறேன். இவர் எப்போது வந்தார், எந்த விசாவில் வந்தார், ஏன் மறைத்தார் என்று ஆபீசர் கேட்டு எழுதியிருக்கிறார். பதில் சரியாக இல்லாவிட்டால் பொய்த் தகவல் கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்கள், விசா கிடைக்காது, சில வருஷத்துக்குத் திரும்பக் கேட்கவும் முடியாது, உங்கள் மனைவிக்கும் முதலாளிக்கும்கூடக் கேள்வி வரலாம் என்று ஏஜென்ட் அடுக்கினார்.

எனக்கு எப்படித் தெரியும் ராணி? இங்கே யார் கல்யாண ஆல்பத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் ஒட்டிய ஏதோ ஒரு மலை, ஏதோ ஒரு மாளிகை இருக்கத்தான் செய்யும். அதை யார் உற்றுப் பார்த்தார்கள்? ஆபீசர் ஊரில் அந்த வழக்கம் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உண்மையைச் சொல்கிறேன். விண்ணப்பம் போட்டேனே தவிர, விசா வராமல் போனால் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நினைப்பு இருந்தது. வராது என்று ஏஜென்ட் சொன்ன அந்த நிமிஷம் எழுந்து வெளியே வந்தேன். அவர் ஆபீஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் வரத்தான் வேண்டும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

நேராகப் பாகூர் ஸ்டுடியோவுக்கு வண்டியை விட்டேன். நம் கல்யாணத்துக்குப் படம் எடுத்த கலைச்செல்வனின் சட்டையைப் பிடிக்காத குறைதான். அவன் சாவகாசமாகக் கம்ப்யூட்டரைத் திறந்தான். "எனக்கு இன்னாண்ணா தெரியும், நீங்க ஆஸ்திரேலியா போவீங்கன்னு? அந்த மாசம் எல்லாருக்கும் சிட்னிதான் போட்டேன். உங்களுக்கு இன்னும் இருக்குது, பாக்கறீங்களா?" என்று காட்டினான். பனிமலைமேல் நாம். தாமரைப் பூவுக்குள் நாம். பிறை நிலாவின்மேல் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாம். "இதெல்லாம் உங்கம்மா வேணான்னுட்டாங்க" என்றான்.

அசல் எங்கேடா என்றேன். தேடி எடுத்தான். அவன் ஸ்டுடியோவில், பின்னணியை மாற்றுவதற்கான பச்சைத் துணி தொங்குகிறது, ஓரத்தில் டேபிள் ஃபேன், அவனுடைய பைக்கின் பின்சக்கரம். அந்தத் துணிக்கு முன்னால் நாம். ஒரு படத்தில் இல்லை, பதினைந்து இருபது படத்தில். எல்லாவற்றிலும் நீ வாய்விட்டுச் சிரிக்கிறாய். ஒன்றில் சிரிப்பு தாங்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு மறந்தே போயிருந்தது. வேட்டி அவிழ்கிறது, முழங்கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், யாரிடமும் சொல்லாதே என்று உன் காதில் சொன்னேனே, அப்போது எடுத்தது. "இவ்ளோ நல்ல படத்தை ஏண்டா உள்ள வெச்சிருந்த?" என்றேன். "கல்யாணப் பொண்ணு பல்லு தெரிய சிரிக்கக் கூடாது, அடக்கமா நிக்கற படமா போடுன்னு உங்கம்மாதாண்ணா சொன்னாங்க" என்றான். கடை அடைக்கும்வரை அதையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலையே ஓடவில்லை.

பச்சைத் துணிப் படம் எல்லாம், நிலா, தாமரை, பனிமலை எல்லாம் ஏஜென்டிடம் கொடுத்தாயிற்று. கலைச்செல்வன் தன் கடைத் தாளில் விளக்கம் எழுதி முத்திரை குத்தினான். அதோடு விட்டானா? தன்னையே ஒரு படம் எடுத்து, கைலியோடு அதே சிட்னியில் நிறுத்தி, "ஆபீசர் பாக்கட்டும்ணா, நானும்தான் போனதில்ல" என்று சேர்த்து அனுப்பினான். கடிதங்களையும் கேட்டார்கள். உன் சண்டைக் கடிதத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். ஏஜென்ட் அதையும் வாங்கிப் படித்துவிட்டு, "இதை மொதல்ல குடுத்திருக்கக் கூடாதாங்க? புருஷன் பொண்டாட்டியத் தவிர யாரு இப்படித் திட்டிக்குவா?" என்று மேலாக வைத்துக்கொண்டார். என்னை மன்னித்துவிடு.

பதில் வரும்வரை சாமி சத்தியமாக வேறு எதையும் நட மாட்டேன்.

உன்,
எழிலரசன்


கில்பரி
29 ஜூன் 2025

அன்புள்ள உங்களுக்கு,

சண்டைக் கடிதத்தைக் கொடுத்துவிட்டீர்களா! காலுக்குத் தலையணை வைத்தது முதற்கொண்டு ஒரு அரசாங்க ஆபீசருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

பச்சைத் துணிப் படங்கள் போனில் வந்தன. நானும் மறந்திருந்தேன். எனக்கு இவ்வளவு பல் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. அத்தையிடம் சொல்லுங்கள், அவர் வேண்டாம் என்ற சிரிப்புதான் இப்போது நமக்காகச் சாட்சி சொல்லப் போயிருக்கிறது. ஆனால் கேலியாகச் சொன்னாலும் எனக்கு இந்த வாரம் முழுக்க அதே நினைப்புதான். ஒரு ஒட்டு கூட நேராக விழவில்லை. டக் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தச் சொல்லி, என்ன விஷயம் என்று கேட்டார்.

சொன்னேன். சிட்னிப் படத்தைக் காட்டினேன். டக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் இந்த ஊரில் இத்தனை வருஷம் இருக்கிறேன், சிட்னிக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், அன்றைக்கும் மழை, உன் புருஷனுக்கு மட்டும் இவ்வளவு நல்ல வெயில் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். பிறகு பச்சைத் துணியைக் காட்டி விளக்கினேன். மனிதர் மேசையைத் தட்டிச் சிரித்ததில் ஆபீஸ் அம்மா ஓடி வந்துவிட்டார். அன்று மத்தியானமே ஸ்பான்சர் என்ற முறையில் ஆபீசருக்கு எழுதினார். இந்தப் பெண் தன் புருஷன் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னதை ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்குச் சொல்கிறாள், இடையில் சில வாரம் அவரோடு பேசாமல் இருந்தாள், அப்போது அவள் செய்த தொட்டிகளைத் திரும்பத் தேய்க்க வேண்டியிருந்தது, ஆகவே இவரைச் சீக்கிரம் அனுப்பினால் என் பட்டறைக்கு நல்லது என்று எழுதியிருக்கிறார். எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார்.

நிலாவில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிதாக அச்செடுத்து டீ குடிக்கும் அறையில் மாட்டிவிட்டார்கள். தொட்டி வாங்க வருகிற பண்ணைக்காரர்கள் எல்லாம் "முத்துசாமி தம்பதி" என்று உங்களுக்கு நலம் சொல்கிறார்கள். டக்கும் அவர் மனைவியும் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். வில்லியனூர்த் தேர் படத்தைக் காட்டினேன், அதற்கு முன்னால் நிற்க வேண்டுமாம். கலைச்செல்வனிடம் சொல்லி வையுங்கள். அடக்கமாக நிற்கிற மாதிரிப் போடச் சொல்லுங்கள்.

மலையடிவாரத்துப் பண்ணையில் டிராக்டர் ஓட்ட ஆள் தேடுகிறார்கள். நான் உங்களைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நீங்கள் வந்து நீங்களே போய்ப் பேசுங்கள். நான் கூட வர மாட்டேன்.

ஆபீசர் மனசு வைக்க வேண்டும். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். இதை ஏஜென்ட் சொல்லி எழுதவில்லை.

உங்கள்,
ராணி


குருவிநத்தம்
17 ஆகஸ்ட் 2025

என் ராணிக்கு,

விசா வந்த அன்று நான் போனில் கத்திய கத்தலில் எதிர்வீட்டார் ஏதோ துக்கச் செய்தி என்று ஓடி வந்துவிட்டார்கள். ஆபீசர் காரணம் ஒன்றும் எழுதவில்லை. கிடைத்தது என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஏஜென்ட் அதைத் தன்னுடைய சாமர்த்தியம் என்கிறார். கலைச்செல்வன் தன்னுடைய கைலி என்கிறான். சொல்லிக்கொள்ளட்டும்.

கரும்பு ஆளுயரம் நிற்கிறது. வெட்டு வரைக்கும் இருந்துவிட்டுப் போகலாமா என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது. அம்மா பிடித்துக்கொண்டது. "கரும்பு தானா வளந்துக்கும்டா. குடும்பம் தானா வளருமா? கெளம்புடா மொதல்ல." தம்பி கலைவேந்தன் பொறுப்பில் விட்டாயிற்று. தண்ணீர் பாய்ச்சுவதிலிருந்து எல்லாம் நடந்து காட்டிவிட்டேன். வெட்டுகிற அன்று நான் இருக்க மாட்டேன். வரப்பில் நின்று ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன், மறைப்பானேன். ஆனால் திரும்பி நடக்கும்போது கால் லேசாக இருந்தது.

நேற்று வேலம்மாள் அக்கா கடைக்கு நானாகவே போனேன். அக்கா கேட்பதற்கு முன்னால் நானே, "பொண்டாட்டிய நம்பிப் போறேன்க்கா, அவதான் ஸ்பான்சர்" என்றேன். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னது: "என் வூட்டுக்காரரு என்னை நம்பி பாகூர் பஜார் வரைக்கும்கூட வர மாட்டாரு. நீ போய்ட்டு வாபா." அப்புறம்தான் எல்லாரும் சிரித்தார்கள்.

விமானம் வியாழக்கிழமை. அப்படியானால் இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் உன் வீட்டுக்கு வந்து சேரும். தெரிந்துதான் எழுதுகிறேன். இனி யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. ஏஜென்ட் கேட்கவில்லை, ஆபீசர் படிக்கப் போவதில்லை. உனக்கு மட்டும் ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. போனில் எனக்கு வராது. நேரில் அறவே வராது. விமான நிலையத்தில் உன்னைப் பார்த்ததும் "சாப்டியா" என்றுதான் கேட்பேன், நீ "பெட்டி ரொம்ப கனமா" என்பாய். நாம் இரண்டு பேருமே அப்படித்தான். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நீ போன பிறகு இந்த வீட்டில் நான் எதையும் ரசித்துச் செய்ததில்லை ராணி. நல்ல மழை பெய்தால்கூட, உன்னிடம் சொல்ல வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றும். மழை அப்புறம்தான் தெரியும். உன் வேலையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தேன். நீ செய்த தொட்டியை முதலில் காட்டு, வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உன் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

தபால்காரர் இதைக் கொண்டுவரும் நேரத்தில் நான் வீட்டில் இருந்தால், வாங்கி உன் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். நீ படிக்கும்போது பக்கத்தில் நிற்க என்னால் முடியாது. படித்து முடித்ததும் கூப்பிடு. தூரமாய்ப் போயிருக்க மாட்டேன்.

எழிலரசன்